நீள முன்னொட்டுச் செய்தித் தாரை

நீள முன்னொட்டுச் செய்தித் தாரை என்பது, ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அச்செய்தி எத்தனை பைட்டுகள் கொண்டது என்பதை ஓர் எண்ணாக எழுதி, அதன்பின் செய்தியின் உடலை அனுப்பும் தரவுப் பரிமாற்ற முறையாகும். பெறும் நிரல் முதலில் அவ்வெண்ணைப் படிக்கும். பிறகு அவ்வெண் சொல்லும் அளவு பைட்டுகளைப் படிக்கும். மீண்டும் அடுத்த எண்ணுக்குத் திரும்பும். களப் பெயர் முறைமை, எஸ்எஸ்எச், பிட்டொரென்ட், கிட், போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல் போன்ற பல நெறிமுறைகள் இம்முறையின் ஏதேனும் ஒரு வடிவத்தைப் பயன்படுத்துகின்றன.

கருத்து இரண்டு வரிகளில் சொல்லி முடிக்கக்கூடியது. ஆனால் இதனைச் சி நிரலாக்க மொழியில் பிழையின்றி எழுதுவது அவ்வளவு எளிதன்று. சி மொழி நினைவக எல்லைகளைத் தானாகச் சரிபார்ப்பதில்லை. எனவே வெளியிலிருந்து வரும் ஒரு நீள எண்ணை நம்பும் நிரல், தன் நினைவகத்தின் சாவியை எதிர்முனையிடம் கொடுத்துவிடுகிறது. 2014 ஆம் ஆண்டில் இணையத்தை உலுக்கிய ஹார்ட்பிளீட் வழு இவ்வகையைச் சேர்ந்ததே.

தாரையில் எல்லை இல்லை

இணையத்தில் பெரிதும் பயன்படும் டிசிபி நெறிமுறை (ஆர்எஃப்சி 793, 1981; 2022 ஆம் ஆண்டு முதல் ஆர்எஃப்சி 9293) இரு கணினிகளுக்கிடையே ஒரு பைட்டுத் தாரையை மட்டுமே உறுதியளிக்கிறது. அனுப்பப்பட்ட பைட்டுகள் அனைத்தும், அனுப்பிய வரிசையிலேயே சென்று சேரும். அவை எத்தனை தவணைகளில் அனுப்பப்பட்டன என்ற செய்தி சேராது. அனுப்புநர் 100 பைட்டுகளை ஒரு முறையும் 50 பைட்டுகளை மறுமுறையும் எழுதினால், பெறுநருக்கு 150 பைட்டுகள் ஒரே தடவையில் கிடைக்கலாம். 30, 90, 30 என மூன்று தடவைகளில் கிடைக்கலாம். ஒவ்வொரு பைட்டாகவும் கிடைக்கலாம். இவை அனைத்தும் டிசிபியின் விதிகளுக்கு உட்பட்டவையே. குழாய்களும் கோப்புகளும் இவ்வகையில் டிசிபியை ஒத்தவை. யூடிபி நெறிமுறையில் நிலைமை வேறு: அங்கு ஒவ்வொரு பொதியும் தனித்தனியே எல்லையுடன் வரும், ஆனால் வந்துசேரும் என்ற உறுதி இல்லை.

தொடக்கநிலை நிரலாளர்கள் ஒரு தடவை எழுதியது ஒரு தடவையில் படிக்கப்படும் என்று எண்ணிக்கொள்வது வழமை. ஒரே கணினிக்குள் இரு நிரல்களை ஓடவிட்டுச் சோதிக்கும்போது பெரும்பாலும் அப்படியே நடப்பதால், இந்த எண்ணம் உறுதிப்பட்டும் விடுகிறது. ஈதர்நெட் வலையமைப்பு வழியாகச் செல்லும் ஒரு டிசிபி துண்டில் வழக்கமாக 1460 பைட்டுகளுக்கு மேல் தரவு அடங்காது. ஆகவே செய்தி அதைவிடப் பெரிதாகும்போதோ, இணைப்பு மெதுவாக இருக்கும்போதோ, நிரல் திடீரெனக் குலைகிறது. சோதனையில் ஓடி, பயனரிடம் சென்றபின் நின்றுபோகும் வலையமைப்பு நிரல்களில் இது முதன்மையான காரணங்களில் ஒன்று.

எல்லையைக் குறிக்கும் வழிகள்

செய்தியின் முடிவை அறிவிக்கப் பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. எல்லாச் செய்திகளும் ஒரே அளவினவாக இருக்கலாம். இறுதியில் ஒரு சிறப்புக் குறி வரலாம். அல்லது முன்னால் நீளம் வரலாம். இறுதிக் குறி முறையில் அக்குறி செய்தியின் உள்ளேயே வந்துவிட்டால் என்ன செய்வது என்ற சிக்கல் எழும். அதனைத் தவிர்க்க உள்ளடக்கத்தை முழுதும் அலசி, குறியை மாற்றி எழுத வேண்டும். நீள முன்னொட்டு முறையில் உள்ளடக்கம் படமாக இருந்தாலும் ஒலியாக இருந்தாலும் தொடத் தேவையில்லை. மறுபுறம், அனுப்பத் தொடங்கும் முன்பே முழு நீளமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதன் குறை. எச்டிடிபி 1.1 இல் உள்ள துண்டாக்கிய பரிமாற்றம் இக்குறைக்கு ஒரு தீர்வு. உள்ளடக்கத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளத்தைப் பதினறும எண்ணாக எழுதி, இறுதியில் நீளம் 0 கொண்ட துண்டை அனுப்புவது அம்முறை.

நீளத்தை முன்னால் எழுதும் பழக்கம் வலையமைப்புகளுக்கு முற்பட்டது. பழைய ஃபோர்ட்ரான் மொழியில் ஓர் எழுத்துச் சரத்தை எழுத, முதலில் எழுத்துகளின் எண்ணிக்கை, பிறகு எச் என்னும் ஆங்கில எழுத்து, பிறகு சரம் என்ற வரிசை பின்பற்றப்பட்டது. துளையட்டை எந்திரங்களை உருவாக்கிய ஹெர்மன் ஹொலரித்தின் பெயரால் இது ஹொலரித் மாறிலி எனப்பட்டது. ஐபிஎம் சிஸ்டம்/360 கணினிகளின் மாறுநீளப் பதிவுகளில் ஒவ்வொரு பதிவும் 4 பைட்டு விவரிப்புச் சொல்லுடன் தொடங்கியது. அதன் முதல் இரு பைட்டுகள் நீளத்தைக் குறித்தன. யூசிஎஸ்டி பாஸ்கல் மொழி சரத்தின் நீளத்தை முதல் பைட்டில் வைத்தது. அதனால் சரம் 255 எழுத்துகளுக்கு மேல் நீள முடியவில்லை. சி மொழியோ எதிர்த்திசையில் சென்று, சரத்தின் இறுதியில் மதிப்பு 0 கொண்ட பைட்டை வைத்தது. ஆகவே சி மொழியின் சரச் செயற்கூறுகள் நீள முன்னொட்டுச் செய்திகளுக்குப் பொருந்துவதில்லை. உடலின் நடுவில் 0 பைட்டு வந்தால் அவை அங்கேயே நின்றுவிடும். உடலில் 0 பைட்டு இல்லாவிட்டால் எல்லை தாண்டி ஓடும்.

டேனியல் பெர்ன்ஸ்டைன் 1997 ஆம் ஆண்டில் முன்வைத்த நெட்ஸ்ட்ரிங் வடிவம் மனிதரும் படிக்கக்கூடியது. பதின்ம எண்ணில் நீளம், முக்காற்புள்ளி, உள்ளடக்கம், காற்புள்ளி என்பது அதன் அமைப்பு. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ் என்ற சொல்லை இவ்வடிவில் எழுதினால் பின்வருமாறு அமையும்:

15:தமிழ்,

தமிழ் வாசகருக்கு இச்சொல்லில் மூன்று எழுத்துகளே தெரியும். ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 இல் 3 பைட்டுகள் எடுத்துக்கொள்வதால் மொத்தம் 15. நீள முன்னொட்டு எப்போதும் பைட்டுகளையே எண்ணுகிறது. ஆங்கில எழுத்துகளை மட்டும் கொண்டு சோதிக்கப்பட்ட நிரல்களில் மூன்று எண்ணிக்கைகளும் ஒன்றாக இருப்பதால், எழுத்துகளை எண்ணி நீளமாக அனுப்பும் பிழை வெளியே தெரிவதில்லை. தமிழ் உரை வந்தவுடன் செய்தி நடுவில் வெட்டுப்பட்டு, எஞ்சிய பைட்டுகள் அடுத்த செய்தியின் நீளமாகப் பொருள்கொள்ளப்படும். ஏனைய மொழிகளில் எழுதப்பட்ட நிரல்களுடன் சி நிரல் உரையாடும்போது இப்பிழை அடிக்கடி தோன்றுகிறது.

நீளப் புலத்தின் அமைப்பு

இருமக் குறியீட்டில் எழுதப்படும் நீளப் புலத்தைப் பற்றி இரு முனைகளும் மூன்று செய்திகளில் உடன்பட்டிருக்க வேண்டும்: அகலம், பைட்டு வரிசை, எண்ணப்படுவது எது என்பது.

அகலம் உச்ச அளவை முடிவு செய்கிறது. களப் பெயர் முறைமை டிசிபி வழியாக இயங்கும்போது 2 பைட்டு முன்னொட்டைக் கொள்கிறது (ஆர்எஃப்சி 1035, 1987). எனவே ஒரு செய்தி 65,535 பைட்டுகளைத் தாண்டாது. மைஎஸ்கியூஎல் 3 பைட்டுகளில் நீளத்தையும் 1 பைட்டில் வரிசை எண்ணையும் வைக்கிறது. பிட்டொரென்ட் 4 பைட்டுகளைப் பயன்படுத்துகிறது. அதில் நீளம் 0 என வந்தால், இணைப்பு உயிருடன் உள்ளது என்று மட்டும் பொருள். கூகிளின் புரோட்டோகால் பஃபர் செய்திகளுக்குத் தம்முடைய முடிவு தெரியாது; அவற்றைத் தாரையாக அனுப்பும்போது பெரும்பாலும் மாறகல எண் முன்னொட்டாகிறது. மாறகல எண்ணில் ஒவ்வொரு பைட்டும் 7 பிட்டுகள் மதிப்பையும், இன்னும் பைட்டு உண்டா என்பதைச் சொல்லும் 1 பிட்டையும் சுமக்கும். 300 என்ற நீளம் அங்கு 172, 2 என்ற இரண்டே பைட்டுகளில் அடங்கிவிடும். சிறு செய்திகளுக்கு இது சிக்கனமானது. ஆனால் முன்னொட்டே எவ்வளவு நீளம் என்பது முன்கூட்டித் தெரியாததால், படிக்கும் நிரல் சற்று சிக்கலாகும். தொடர்ச்சிப் பிட்டு முடிவின்றி வந்துகொண்டிருக்கும் தீய உள்ளீட்டுக்கும் வரம்பு வைக்க வேண்டும். 64 பிட்டு எண்ணுக்கு 10 பைட்டுகள் போதும்.

பைட்டு வரிசை என்பது பல பைட்டு எண்ணின் எந்த முனை முதலில் செல்கிறது என்பதாகும். 300 என்ற எண் பெருமுனை வரிசையில் 0, 0, 1, 44 என்றும், சிறுமுனை வரிசையில் 44, 1, 0, 0 என்றும் எழுதப்படும். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று கலிவரின் பயணங்களில் நடக்கும் சண்டையிலிருந்து இப்பெயர்களை எடுத்துக் கணினியியலில் பரப்பியவர் டேனி கோகன். அவருடைய கட்டுரை 1980 ஏப்ரல் 1 அன்று வெளிவந்தது. இணைய நெறிமுறைகள் பெரும்பாலும் பெருமுனை வரிசையைப் பின்பற்றுவதால் அது வலையமைப்பு வரிசை எனவும் அழைக்கப்படுகிறது. இன்டெல், ஏஎம்டி செயலிகள் நினைவகத்தில் சிறுமுனை வரிசையைக் கொண்டவை. மாற்றாமல் அப்படியே அனுப்பினால், எதிர்முனை 300 என்பதை 73,82,63,040 எனப் படித்து, வராத எழுபது கோடிப் பைட்டுகளுக்காகக் காத்திருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் உறைந்ததுபோல் தோன்றும்.

மூன்றாவது செய்தி ஆவணங்களில் ஒரு வரியில் சொல்லப்பட்டுவிடுவதால் எளிதில் தவறவிடப்படுகிறது. களப் பெயர் முறைமையின் நீளம் தன் 2 பைட்டுகளை எண்ணுவதில்லை. கிட் மென்பொருளின் பொதி வரியில் நான்கு பதினறும இலக்கங்களில் எழுதப்படும் நீளம் அந்த நான்கு பைட்டுகளையும் சேர்த்தே எண்ணும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் நெறிமுறையில் நீளம் தன் 4 பைட்டுகளைச் சேர்க்கும், ஆனால் அதற்கு முன் வரும் வகை பைட்டைச் சேர்க்காது. தன்னையும் எண்ணும் நீளத்திலிருந்து 4 ஐக் கழித்தே உடலின் அளவு பெறப்படும். வந்த நீளம் 2 ஆக இருந்தால், 32 பிட்டுக் குறியற்ற எண்ணில் 2 − 4 என்பது 4,29,49,67,294 ஆகிவிடும். கழிக்கும் முன் சரிபார்க்காத நிரலுக்கு இது போதும்.

சி மொழியில் படித்தல்

யுனிக்சு வழிவந்த இயக்குதளங்களில் ரீட் என்னும் அமைப்பு அழைப்பு, கேட்ட அளவுக்குக் குறைவான பைட்டுகளைத் தந்து வெற்றி என்று திரும்பலாம். எனவே படிக்கும் நிரலின் அடித்தளம், கேட்ட அளவு முழுவதும் சேரும் வரை திரும்பத் திரும்பப் படிக்கும் ஒரு சிறு செயற்கூறு ஆகும். அதன் போக்கு:

பெற்றது ← 0
பெற்றது < தேவை என்றிருக்கும் வரை:
    க ← ரீட்(விவரிப்பான், இடையகம் + பெற்றது, தேவை − பெற்றது)
    க > 0 எனில்: பெற்றது ← பெற்றது + க
    க = 0 எனில்: மடக்கிலிருந்து வெளியேறு
    க < 0 எனில்: சமிக்ஞைக் குறுக்கீடு என்றால் மீண்டும் முயல், இல்லையேல் பிழை எனத் திரும்பு
பெற்றதைத் திருப்பு

மதிப்பு 0 என்பது எதிர்முனை தன் பக்கத்தை மூடிவிட்டது எனப் பொருள்படும். அது எப்போது வந்தது என்பதைப் பொறுத்து இரு வேறு நிலைகள் உண்டு. புதிய செய்தியின் நீளப் புலத்தில் ஒரு பைட்டும் படிக்கப்படாத நிலையில் 0 வந்தால், உரையாடல் முறையாக முடிந்தது. நீளப் புலத்தின் நடுவிலோ உடலின் நடுவிலோ 0 வந்தால், செய்தி துண்டிக்கப்பட்டது, அது பிழை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் நிரல், பாதி வந்த செய்தியை முழுச் செய்தி என்று ஏற்றுக்கொள்ளக்கூடும். பணப் பரிமாற்றம் ஒன்றின் பதிவு பாதியில் அறுந்திருந்தால் இதன் விளைவை ஊகிக்கலாம். மேற்கண்ட செயற்கூறு பெற்ற எண்ணிக்கையைத் திருப்புவது அழைப்பவர் இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வதற்காகவே.

சி நூலகத்தின் எஃப்ரீட் செயற்கூறு இந்த மடக்கைத் தன்னுள்ளேயே கொண்டது. கோப்பு முடிவோ பிழையோ நேராதவரை அது குறைத்துத் தருவதில்லை. கோப்புகளுக்கும் குழாய்களுக்கும் அது வசதியானது. ஆனால் அது தன் இடையகத்தில் முன்கூட்டியே கூடுதலாகப் படித்து வைத்துக்கொள்ளும் என்பதால், ஒரே விவரிப்பானில் எஃப்ரீடையும் ரீடையும் கலந்து பயன்படுத்தக் கூடாது. சாக்கெட்டுகளுக்கு முழுதும் காத்திரு என்னும் கொடியுடன் ரெசீவ் அழைப்பைப் பயன்படுத்தலாம். எனினும் சமிக்ஞை குறுக்கிட்டால் அதுவும் குறைத்தே தரும் என்பதால் மடக்கு தேவையில்லாமல் போவதில்லை.

பைட்டுகளை எண்ணாக்குதல்

நான்கு பைட்டுகள் கைக்கு வந்தபின் அவற்றை எண்ணாக்க வேண்டும். இடையகத்தின் முகவரியை 32 பிட்டு எண்ணின் சுட்டாக வலிந்து மாற்றிப் படிப்பது பழைய நிரல்களில் பரவலாகக் காணப்படும் வழி. அது சி மொழித் தரத்தின்படி வரையறுக்கப்படாத நடத்தை. சில செயலிகளில் நான்கால் வகுபடாத முகவரியிலிருந்து எண்ணைப் படித்தால் நிரல் நின்றுவிடும். மெம்காப்பி மூலம் ஒரு மாறிக்குப் படியெடுத்து, என்டூஎச்எல் செயற்கூறால் வரிசை மாற்றுவது சரியான வழிகளுள் ஒன்று.

அதைவிடத் தெளிவானது, முதல் பைட்டை 24 பிட்டுகளும், இரண்டாவதை 16 பிட்டுகளும், மூன்றாவதை 8 பிட்டுகளும் இடப்புறம் நகர்த்தி, நான்காவதுடன் சேர்ப்பது. இவ்வழியில் நிரல் ஓடும் கணினியின் பைட்டு வரிசை என்ன என்று கேட்கவே தேவையில்லை. இதிலும் இரு கண்ணிகள் உண்டு. இடையகம் வெறும் சார் வகையில் அறிவிக்கப்பட்டிருந்தால், அவ்வகை குறியுள்ளதாக இருக்கும் கணினிகளில் 200 என்ற பைட்டு −56 ஆகப் படிக்கப்படும். ஆகவே குறியற்ற சார் வகையே வேண்டும். மேலும், சி மொழி சிறிய வகைகளைக் கணக்கிடும் முன் குறியுள்ள இன்ட் வகைக்கு உயர்த்துகிறது. 200 ஐ 24 பிட்டுகள் நகர்த்தினால் 32 பிட்டு இன்ட் கொள்ளாது, அதுவும் வரையறுக்கப்படாத நடத்தையே. நகர்த்தும் முன்பே ஒவ்வொரு பைட்டையும் 32 பிட்டுக் குறியற்ற வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

தலைப்பகுதியை ஒரு ஸ்ட்ரக்ட் ஆக அறிவித்து அதை அப்படியே அனுப்புவதும் பெறுவதும் நயமாகத் தோன்றும். 1 பைட்டு வகையும் 4 பைட்டு நீளமும் கொண்ட அமைப்பு, பெரும்பாலான தொகுப்பிகளில் 5 அல்ல, 8 பைட்டுகள் கொள்ளும்; இடையில் 3 நிரப்பு பைட்டுகள் நுழைகின்றன. அந்நிரப்பில் நினைவகத்தில் முன்பு கிடந்தவை என்னவோ அவையும் சேர்ந்தே வலையமைப்பில் செல்லும்.

நீளத்தை நம்பாமை

வந்த எண் சரியாகப் படிக்கப்பட்டாலும், அது உண்மை என்று கொள்ள முடியாது. 4 பைட்டுப் புலத்தில் 4,29,49,67,295 வரை எழுதலாம். அந்த அளவுக்கு மாலாக் மூலம் நினைவகம் ஒதுக்கும் வழங்கியை வீழ்த்த, எதிரிக்கு ஓர் இணைப்புக்கு நான்கு பைட்டுகள் போதும். தீய நோக்கம் இல்லாமலும் இது நேரும். உலாவி ஒன்று தவறுதலாக இத்தகைய நிரலின் துறையுடன் இணைந்தால், எச்டிடிபி கோரிக்கையின் முதல் சொல்லான கெட் என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளும் ஒரு வெற்றிடமும் 71, 69, 84, 32 என்ற பைட்டுகளாக வரும். பெருமுனை வரிசையில் அதன் மதிப்பு 119,57,25,856. பிழைப் பதிவேடுகளில் செய்தி மிகப் பெரிது என்ற புகாருடன் இந்த எண்ணைக் கண்டால், யாரோ உலாவியால் தட்டியிருக்கிறார்கள் என்று அனுபவமுள்ள நிரலாளர்கள் உடனே கண்டுகொள்வர்.

எனவே ஒவ்வொரு நெறிமுறையும் புலத்தின் அகலத்தைச் சாராத ஓர் உச்ச வரம்பை வைத்திருக்க வேண்டும். நினைவகம் ஒதுக்கும் முன், எந்தக் கூட்டலும் கழித்தலும் செய்யும் முன், நீளம் அவ்வரம்புடன் ஒப்பிடப்பட வேண்டும். வரிசை முக்கியம். உடலுக்குப் பின் 0 பைட்டு வைக்க இடம் வேண்டி நீளம் + 1 என ஒதுக்கும் வழக்கம் உண்டு. நீளம் 4,29,49,67,295 ஆக இருந்தால் 32 பிட்டு எண்ணில் கூட்டுத்தொகை 0 ஆகும். மாலாக் 0 பைட்டுகளை மகிழ்ச்சியுடன் ஒதுக்கும். அதன்பின் நானூறு கோடிக்கு மேற்பட்ட பைட்டுகள் அங்கே எழுதப்படத் தொடங்கும். நீளத்தைக் குறியுள்ள மாறியில் வைத்தால் வேறொரு வாயில் திறக்கும்: −1 என்பது எந்த உச்ச வரம்பையும்விடச் சிறியது, ஆகவே சோதனையைத் தாண்டிவிடும், மெம்காப்பிக்குச் செல்லும்போது குறியற்றதாக மாறி மாபெரும் எண்ணாகிவிடும்.

பெரிய செய்திகளை ஏற்கவே வேண்டிய நிரல்கள், அறிவிக்கப்பட்ட நீளத்துக்கு ஒரேயடியாக ஒதுக்காமல், உண்மையில் வந்த பைட்டுகளுக்கு ஏற்ப இடையகத்தைப் படிப்படியாகப் பெருக்கிக்கொள்வது நல்லது. நீளத்தை மட்டும் அனுப்பிவிட்டு உடலை அனுப்பாமல் இணைப்பைப் பிடித்துவைத்திருப்போருக்குக் கால வரம்பு தவிர வேறு மருந்தில்லை.

எழுதுதல்

எழுதுவதும் படிப்பதன் மறுபக்கமே. ரைட் அழைப்பும் கொடுத்ததில் ஒரு பகுதியை மட்டும் எழுதிவிட்டுத் திரும்பலாம், ஆகையால் அங்கும் மடக்கு வேண்டும். எதிர்முனை மூடிவிட்ட இணைப்பில் எழுதினால் சிக்பைப் என்னும் சமிக்ஞை வரும்; அதனைக் கையாளாத நிரல் எந்தப் பிழைச் செய்தியும் இன்றி உடனே இறந்துவிடும். வழங்கி நிரல்கள் தொடக்கத்திலேயே இச்சமிக்ஞையைப் புறக்கணிக்கச் சொல்லிவிடுவது வழக்கம்.

நீளத்தை ஓர் அழைப்பிலும் உடலை மற்றோர் அழைப்பிலும் எழுதுவது சரியானது, ஆனால் மந்தமானது. ஜான் நேகல் 1984 ஆம் ஆண்டில் முன்வைத்த வழிமுறையின்படி (ஆர்எஃப்சி 896), முன்பு அனுப்பிய தரவுக்கு ஒப்புகை வராதவரை டிசிபி சிறு துண்டுகளை நிறுத்திவைக்கும். மறுமுனையோ, பதில் தரவுடன் சேர்த்து அனுப்பலாம் என்று ஒப்புகையைச் சற்றுத் தாமதிக்கும். 4 பைட்டு நீளம் முதலில் சென்றுவிட, உடல் ஒப்புகைக்காகக் காத்திருக்க, ஒப்புகை உடலுக்காகக் காத்திருக்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் இவ்வாறு பத்துக்கணக்கான, சில இயக்குதளங்களில் 200 வரையான மில்லிநொடிகள் வீணாகின்றன. நீளத்தையும் உடலையும் ஒரே இடையகத்தில் வைத்து ஒரே அழைப்பில் எழுதினால், அல்லது பல இடையகங்களைச் சேர்த்து எழுதும் ரைட்வி அழைப்பைப் பயன்படுத்தினால் இச்சிக்கல் எழாது. களப் பெயர் முறைமைக்கான ஆர்எஃப்சி 7766 (2016) இதனை வெளிப்படையாகவே பரிந்துரைக்கிறது. டிசிபியின் நேகல் வழிமுறையை அணைத்துவிடுவது பலரும் நாடும் குறுக்கு வழி. அது தாமதத்தைப் போக்கினாலும் நான்கு பைட்டுகளுக்கு ஒரு தனிப் பொதியைச் செலவிடுகிறது.

பல இழைகள் ஒரே இணைப்பில் எழுதினால், ஒரு செய்தியின் நீளமும் உடலும் முழுமையாகச் செல்லும் வரை பூட்டு ஒன்று காக்க வேண்டும். இரு முனைகளும் படிக்காமல் பெரிய செய்திகளை எழுதிக்கொண்டே இருந்தால், இரு பக்க இடையகங்களும் நிரம்பி, இரண்டும் முடிவின்றி ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கும்.

காத்திராத முறை

ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒரே இழையில் கையாளும் வழங்கிகளில் மேற்கண்ட மடக்கு பயன்படாது. ஓர் இணைப்பின் எஞ்சிய பைட்டுகளுக்காக நின்றால் ஏனையவை முடங்கும். அங்கு ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு நிலைப் பதிவு வைக்கப்படும்: நீளம் படிக்கப்படுகிறதா, உடல் படிக்கப்படுகிறதா, இதுவரை வந்தவை எத்தனை. போல், ஈபோல் போன்ற அழைப்புகள் தரவு வந்துள்ளது என்று அறிவிக்கும்போது வந்ததை மட்டும் படித்து, நிலையைக் குறித்துக்கொண்டு நிரல் அடுத்த இணைப்புக்குச் செல்லும். நீளப் புலமே இரு தவணைகளில் வரக்கூடும் என்பதை மறப்பது இங்கு வழமையான பிழை. ஒரே படிப்பில் மூன்று செய்திகள் சேர்ந்து வந்தால் மூன்றையும் அப்போதே எடுத்தாக வேண்டும். முதலாவதை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் அறிவிப்புக்காகக் காத்திருந்தால், ஏற்கெனவே இடையகத்தில் உள்ளவற்றுக்கு அறிவிப்பு வராது.

விண்டோசில் உரைப் பாங்கு

விண்டோஸ் இயக்குதளத்தில் சி நூலகத்தின் நிலையான உள்ளீடும் வெளியீடும் இயல்பாக உரைப் பாங்கில் திறக்கப்படுகின்றன. அப்பாங்கில் எழுதும்போது மதிப்பு 10 கொண்ட ஒவ்வொரு பைட்டும் 13, 10 என இரண்டாக மாறும். படிக்கும்போது மதிப்பு 26 கோப்பு முடிவாகக் கொள்ளப்படும். ஆகவே 9 பைட்டுச் செய்தியும் 11 பைட்டுச் செய்தியும் நன்றாகச் செல்ல, 10 பைட்டுச் செய்தி மட்டும் தாரையைக் குலைக்கும். குரோம் உலாவியின் நீட்சிகள் கணினியிலுள்ள நிரலுடன் பேசும் முறை, நிலையான உள்ளீடு வெளியீடு வழியாக 4 பைட்டு நீள முன்னொட்டுடன் இயங்குவது. அதற்கு நிரல் எழுதுவோர் பலர் இந்தப் புதிரான வழுவைச் சந்திக்கின்றனர். செட்மோட் செயற்கூறால் இரு தாரைகளையும் இருமப் பாங்குக்கு மாற்றுவதே தீர்வு. அந்நெறிமுறையில் நீளம் கணினியின் சொந்த பைட்டு வரிசையில் எழுதப்படுகிறது. இரு முனைகளும் ஒரே கணினியில் இருப்பதால் அது குறையன்று.

ஒத்திசைவு இழப்பு

நீள முன்னொட்டுத் தாரையில் ஒரு நீளம் தவறினால், அதற்குப் பின் வரும் அனைத்தும் தவறும். இறுதிக் குறி முறையில் அடுத்த குறி வரை தள்ளிவிட்டு மீளலாம். இங்கு பற்றுக்கோடு எதுவும் இல்லை. செய்தியின் தலைப்பில் மாறாத அடையாள எண் ஒன்றைச் சேர்த்தால் பிழை விரைவில் புலப்படும். புலப்பட்டபின் மீள முயலாமல் இணைப்பை மூடிவிடுவதே பாதுகாப்பானது.

இரு நிரல்கள் ஒரே தாரையின் நீளத்தை வெவ்வேறாகப் புரிந்துகொள்வது இன்னும் ஆபத்தானது. எச்டிடிபி 1.1 இல் உள்ளடக்க நீளத் தலைப்பும் துண்டாக்கிய பரிமாற்றத் தலைப்பும் ஒரே கோரிக்கையில் வந்தால், முன்னிற்கும் பதிலி வழங்கி ஒன்றையும் பின்னிற்கும் வழங்கி மற்றொன்றையும் நம்பலாம். அப்போது ஒரு கோரிக்கையின் வாலில் மறைந்துள்ள பைட்டுகள் அடுத்த பயனரின் கோரிக்கையாக மாறும். கோரிக்கைக் கடத்தல் எனப்படும் இத்தாக்குதல் 2005 ஆம் ஆண்டில் விரிவாக விளக்கப்பட்டது.

எஸ்எஸ்எச் நெறிமுறையில் நீளப் புலமும் மறையாக்கப்படுகிறது. 2008 நவம்பரில், மறையாக்கத் தொகுதிகளைச் சங்கிலியாகப் பிணைக்கும் முறைக்கு எதிரான ஒரு தாக்குதல் வெளிப்பட்டது. எதிரி முன்பு பிடித்துவைத்த மறைத் தொகுதி ஒன்றைப் புதிய பொதியின் தொடக்கமாகச் செலுத்துவார். பெறும் நிரல் அதன் முதல் நான்கு பைட்டுகளை மறைநீக்கி நீளமாகக் கொள்ளும். பிறகு பைட்டு பைட்டாக ஊட்டிக்கொண்டே சென்று, எத்தனையாவது பைட்டில் இணைப்பு அறுகிறது என்று பார்த்தால், அந்த நீளம் தெரிந்துவிடும். அதிலிருந்து மறைந்திருந்த உரையின் ஒரு பகுதியும் தெரியும். வெற்றி வாய்ப்பு மிகக் குறைவு எனினும் 2009 பிப்ரவரியில் வெளிவந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 5.2, நீளம் தவறு என்று கண்டவுடன் இணைப்பை அறுக்காமல், அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு வரை படித்தபின் அறுக்குமாறு மாற்றப்பட்டது.

ஹார்ட்பிளீட்

ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது சி மொழியில் எழுதப்பட்ட மறையாக்க நூலகம். இணைப்பு உயிருடன் உள்ளதா என்று அறிய 2012 இல் டிஎல்எஸ் நெறிமுறைக்கு இதயத்துடிப்பு என்னும் நீட்டிப்பு (ஆர்எஃப்சி 6520) சேர்க்கப்பட்டது. ஒரு முனை சில பைட்டுகளை அனுப்பும். மறுமுனை அதே பைட்டுகளைத் திருப்பி அனுப்பும். செய்தியில் 1 பைட்டு வகை, 2 பைட்டு நீளம், அந்நீளமுள்ள உள்ளடக்கம், குறைந்தது 16 பைட்டு நிரப்பு ஆகியன இருக்கும்.

இச்செய்தி டிஎல்எஸ் பதிவு ஒன்றின் உள்ளே வருவது. பதிவுக்கு ஒரு நீளம் உண்டு. அதனை நூலகம் சரியாகவே படித்தது. உள்ளேயுள்ள இரண்டாவது நீளத்தை முதலாவதுடன் ஒப்பிடவில்லை. ஒரே ஒரு பைட்டு உள்ளடக்கத்தை அனுப்பிவிட்டு நீளம் 65,535 என்று சொன்னால், நூலகம் அந்த ஒரு பைட்டிலிருந்து தொடங்கி, தன் நினைவகத்தில் அடுத்தடுத்துக் கிடந்த ஏறத்தாழ 64 கிலோபைட்டுகளையும் மெம்காப்பியால் படியெடுத்துத் திருப்பி அனுப்பியது. அதில் பிற பயனர்களின் கடவுச்சொற்களும், சில வேளைகளில் வழங்கியின் தனிச் சாவியும் இருந்தன. நிரல் நிலைகுலையவில்லை, பதிவேட்டில் தடயமும் இல்லை.

2012 மார்ச்சில் வெளிவந்த 1.0.1 பதிப்பு முதல் இருந்த இவ்வழுவைக் கூகிளின் நீல் மேத்தாவும் கோடனாமிகான் நிறுவனத்தாரும் தனித்தனியே கண்டறிந்தனர். 2014 ஏப்ரல் 7 அன்று திருத்திய 1.0.1ஜி பதிப்பு வெளியானது. அடுத்த சில நாட்களில் கனடாவின் வருவாய்த்துறை, ஏறத்தாழ 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் இவ்வழுவின் மூலம் திருடப்பட்டதாக அறிவித்தது. திருத்தத்தின் மையப் பகுதி ஒரே ஒரு நிபந்தனை: 1 + 2 + உள்ளடக்க நீளம் + 16 என்பது பதிவின் நீளத்தைவிடப் பெரிதாயின், செய்தியைப் பேசாமல் எறிந்துவிட வேண்டும்.